பதினோராவது பொட்டலம்

மதிப்பிற்குரிய வக்கீல் அக்காவுக்கு,

நான் இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் கருவாடு விற்றுப் பிழைக்கிறேன். என் மகனுக்கு 17 வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு நாட்டுப்படகில் போய்க்கொண்டிருந்தான். அவன் அப்பா இடுப்பில் அடிபட்டு ஒரு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். போன வாரம் நடு இரவில் பனங்காட்டுக்குள் கஞ்சா மூட்டையோடு மகனைப் பிடித்துவிட்டார்கள். 11 பொட்டலம், 22 கிலோ என்று எழுதியிருக்கிறார்கள். மூட்டையைக் கரையில் கொண்டுபோய் வைத்தால் 3,000 ரூபாய் தருவதாகச் சொல்லி அவனை அனுப்பியவர் எங்கள் ஊர்க்காரர்தான். கூடப் போன இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள். இப்போது பையன் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான். ஊர் வாட்ஸ்அப்பில் அவன் படம் சுற்றுகிறது. "பதினாறு தாண்டிவிட்டது, மேஜராக வைத்து விசாரிப்பார்கள், பத்து வருடம் ஜெயில்தான்" என்கிறார்கள். பணம் கொடுத்தால் 15 வயது என்று பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். மானாமதுரையில் கடை வைத்திருக்கும் என் தம்பி, "பதினேழு வயதில் நல்லது கெட்டது தெரியாதா? அனுபவிக்கட்டும். இவனை விட்டால் நாளைக்கு ஊரில் எல்லாப் பையனும் மூட்டை தூக்குவான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சையே நிறுத்திவிட்டான். அவன் சொல்வதும் சரிதானோ என்று சில நேரம் எனக்கே தோன்றுகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிடப்படவில்லை


அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மகனின் பெயர், ஊர்ப் பெயர், படித்த பள்ளியின் பெயர் எல்லாவற்றையும் கடிதத்திலிருந்து நானே எடுத்துவிட்டேன். வழக்கில் சிக்கிய பிள்ளையை யாரும் அடையாளம் காட்டக் கூடாது என்று சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. மீறுகிறவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. வாட்ஸ்அப்பில் படத்தைப் போட்டவர்களிடம் இதைச் சொல்லி உடனே அழிக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால், யார் எப்போது அனுப்பினார் என்பது தெரியும்படி திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அந்தச் சான்றிதழ். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் அது போனதாகவே இருக்கட்டும். பிள்ளையின் வயதை எப்படி முடிவு செய்வது என்று அதே சட்டத்தின் 94ஆம் பிரிவு வரிசை போட்டுச் சொல்லியிருக்கிறது. முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று பார்க்கப்படும். அது இல்லாதபோதுதான் ஊராட்சியோ நகராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டுமே இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. உங்கள் மகன் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியவன். அந்த மதிப்பெண் சான்றில் இருக்கும் பிறந்த தேதியை எந்தத் தரகராலும் அசைக்க முடியாது. பொய்ச் சான்றிதழோடு போய் நின்றால் உங்கள் மேல் தனியாக ஒரு வழக்கு வரும். அதைவிடப் பெரிய நட்டம், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும், பிள்ளைகளின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் நம்பாது. உங்கள் வாயிலிருந்து வரும் உண்மையை நம்பித்தான் இந்த வழக்கையே நடத்த வேண்டியிருக்கிறது. ஆதார் அட்டையில் வேறு வருடம் இருக்கிறதே என்று யாராவது குழப்பினால் பயப்படாதீர்கள். வயதை நிரூபிக்க ஆதாரைவிடப் பள்ளிச் சான்றுதான் பொருத்தமானது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இனி, மேஜராக வைத்து விசாரிப்பார்கள் என்ற பேச்சுக்கு வருகிறேன். அது பாதிதான் உண்மை.

1986இல் வந்த சட்டத்தில் ஆண் பிள்ளைகளுக்கு 16 வயது வரையும் பெண் பிள்ளைகளுக்கு 18 வயது வரையும் பாதுகாப்பு இருந்தது. 2000இல் வந்த சட்டம் இருவருக்கும் 18 என்று ஆக்கியது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமை உங்களுக்கு நினைவிருக்கும். குற்றவாளிகளில் ஒருவன் 18 வயது நிரம்பாதவன். அவனுக்கு அன்றைய சட்டப்படி மூன்று ஆண்டுகள்தான் கொடுக்க முடிந்தது. நாடே கொதித்தது. 2015 டிசம்பரில் அவன் விடுதலையான இரண்டாம் நாள் மாநிலங்களவை புதிய சட்டத்தை நிறைவேற்றியது. 2016 ஜனவரி 15 முதல் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சட்டத்திலும் 18 வயதுக்குக் கீழே இருப்பவர் குழந்தைதான். ஆனால் 16 வயது நிறைந்த பிள்ளை 'கொடிய குற்றம்' செய்ததாக வழக்கு வந்தால், அவனை வளர்ந்தவனைப்போல் விசாரிக்க அனுப்பலாமா என்று பார்ப்பதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கொடிய குற்றம் என்றால் என்ன? குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் என்று சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்ட குற்றம். எவ்வளவு கொடூரமாக நடந்தது என்பதை இந்த இடத்தில் யாரும் பார்ப்பதில்லை. புத்தகத்தில் உள்ள குறைந்தபட்ச எண் என்ன என்பதுதான் கணக்கு.

இங்கேதான் உங்கள் கடிதத்தில் உள்ள அந்த 11 என்ற எண் என் கண்ணில் நின்றுவிட்டது.

கஞ்சாவில் 20 கிலோவுக்கு மேல் இருந்தால் 'வணிக அளவு'. அதற்குக் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு. ஆகவே அது கொடிய குற்றம். 20 கிலோவும் அதற்குக் கீழும் என்றால் பத்து ஆண்டு வரை கொடுக்கலாம், ஆனால் குறைந்தபட்சம் என்று எதுவும் கிடையாது. ஆகவே கொடிய குற்றத்தில் சேராது. பொட்டலம் ஒன்றுக்கு 2 கிலோ. அந்த மூட்டையில் பத்துப் பொட்டலம் இருந்திருந்தால் உங்கள் மகனின் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னாலேயே நடந்து முடிந்திருக்கும். மேஜர் என்ற பேச்சே எழுந்திருக்காது. பதினோராவது பொட்டலம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. அந்தப் பொட்டலத்தை அவன் கட்டவில்லை, எண்ணவில்லை, தராசில் வைக்கவில்லை. சாக்கின் வாயைத் தைத்த ஆள் வேறு எங்கோ இருக்கிறான்.

அதே வயதில் ஒருவன் அரிவாளால் வெட்டி, வெட்டுப்பட்டவர் சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்தார் என்று வையுங்கள். அது கொலை முயற்சி. அதற்குப் பெரிய தண்டனை உண்டு, ஆனால் குறைந்தபட்சத் தண்டனை எழுதப்படவில்லை. எனவே அவனை மேஜராக்க முடியாது. அதிகபட்சத் தண்டனை ஏழாண்டைத் தாண்டினாலும், குறைந்தபட்சம் ஏழாண்டு என்று இல்லாவிட்டால் அது கொடிய குற்றம் ஆகாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நம் கரையில் அடிக்கடி பிடிபடும் கடல் அட்டைக்கும் இப்படித்தான். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை தண்டனை இருந்தும் அது இந்த வகைக்குள் வராது. வெட்டியவன் குழுமத்தின் முன் நிற்கிறான், மூட்டை தூக்கியவன் மேஜராகலாம். வெட்டியவனையும் மேஜராக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு பிள்ளையின் மனதை அளக்கத் தராசு உதவாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எடையைப் பற்றி வக்கீலாக ஒன்று சொல்ல வேண்டும். மூட்டையைப் பிடித்தபோது எழுதிய மகஜரில் உள்ள 22 கிலோ, பிளாஸ்டிக் சுற்றும் டேப்பும் சாக்கும் சேர்ந்த எடையா, சரக்கின் எடை மட்டுமா என்று பார்க்க வேண்டும். போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூவும் காயும் கொண்ட நுனிப் பகுதி. அந்த நுனி இல்லாமல் தனியாக இருக்கும் விதையும் இலையும் கணக்கில் வராது. நனைந்திருந்ததா என்பதும் முக்கியம். நாங்கள் எத்தனையோ வழக்குகளில் கிராம் கணக்கில் வாதாடியிருக்கிறோம். உங்கள் வக்கீலிடம் முதல் வாய்தாவிலேயே இதைக் கேட்கச் சொல்லுங்கள்.

எடை 20 கிலோவுக்கு மேல்தான் என்று வைத்துக்கொண்டாலும், அவன் தானாக மேஜர் ஆகிவிட மாட்டான். குழுமம் 15ஆம் பிரிவின்படி 'முதற்கட்ட மதிப்பீடு' ஒன்றைச் செய்ய வேண்டும். குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண். அவர்கள் பார்க்க வேண்டியவை மூன்று. இந்தக் குற்றத்தைச் செய்யும் மன வலிமையும் உடல் வலிமையும் பையனுக்கு இருந்தனவா, இதனால் என்ன ஆகும் என்று புரிந்துகொள்ளும் திறன் இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் செய்தான் என்பவை. குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்தவர் இல்லாவிட்டால், அனுபவமுள்ள உளவியலாளரின் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று 2022 ஜூலையில், குருகிராம் பள்ளியில் நடந்த ஒரு கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அரை மணி நேரம் பேசிவிட்டு எழுதும் அறிக்கையை உங்கள் வக்கீல் ஒப்புக்கொள்ளக் கூடாது.

இந்த மூன்றில்தான் நம் கடற்கரைப் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். இதை வருத்தத்தோடு சொல்கிறேன், பல வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

உடல் வலிமை என்றால் என்ன? பதின்மூன்று வயதிலிருந்து வலை இழுத்த பையனுக்கு 22 கிலோ ஒரு சுமையா? தோள் பரந்திருக்கும், குரல் உடைந்திருக்கும், வெயிலில் காய்ந்த முகத்தில் நாலு வயது கூடத் தெரியும். நகரத்தில் அதே வயதுப் பையன் கண்ணாடி போட்டுக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தபடி வந்து நின்றால் பார்ப்பவருக்குக் குழந்தை என்று தோன்றுகிறது. நம் பையன் வந்து நின்றால் ஆள் என்று தோன்றுகிறது. மன வலிமைக்கும் இதே கதைதான். கச்சான் காற்று எப்போது திரும்பும், வாடையில் எந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கும், இருட்டில் பாறை எங்கே கிடக்கும் என்றெல்லாம் அவனுக்குத் தெரியும். "கடலில் தனியாகப் படகு ஓட்டுகிறானே, இவனா விவரம் இல்லாதவன்?" என்று கேட்பார்கள். படகு ஓட்டும் கை வேறு, ஊரில் பெரிய மனிதராக வலம் வரும் ஒருவர் தோளைத் தட்டி "ஒரு ராத்திரி வேலைதான்டா" என்று கூப்பிடும்போது முடியாது என்று சொல்லும் மனம் வேறு. இரண்டாவது, பதினேழு வயதில் யாருக்குமே முழுதாக வந்திருக்காது. ஆபத்தை நிதானமாக எடைபோடும் மூளைப்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கூட இரண்டு பேர் இருக்கும்போது, இருட்டில், கையில் காசு வரும் என்ற நிலையில் அந்த நிதானம் இன்னும் குறையும்.

வடகடல் பக்கத்துப் பையன் ஒருவனுக்காகச் சில வருடங்களுக்கு முன் வாதாடினேன். அவன் வழக்கும் இதே மாதிரிதான், மூட்டை மட்டும் இன்னும் பெரியது. மதிப்பீட்டின்போது உறுப்பினர் ஒருவர் பரிவாகத்தான் கேட்டார்: "தம்பி, மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியுமா?" அவன் தயங்காமல் "தெரியும்" என்றான். "என்ன ஆகும்?" "படகைப் பிடித்துக்கொள்வார்கள்."

அவர் குனிந்து எழுதத் தொடங்கினார். நான் எழுந்து, இன்னும் ஒரு கேள்வி கேட்க அனுமதி வாங்கி, வேறு என்ன ஆகும் என்று கேட்டேன். அவன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான். கயிறு அறுத்த பழைய தழும்பு இரண்டு உள்ளங்கையிலும் குறுக்கே ஓடியது. வெகுநேரம் கழித்து, "படகுக்காரர் திட்டுவார்" என்றான். பத்து வருடச் சிறை என்பது அவன் உலகத்திலேயே இல்லை. இந்தக் கரையில் பிறந்த பிள்ளைக்குத் தெரிந்த பெரிய தண்டனை படகு போவது. அப்பாவும் சித்தப்பாவும் அதற்காக அழுததைத்தான் அவன் பார்த்திருக்கிறான். குழுமம் அந்த இரண்டாவது பதிலையும் பதிவு செய்தது. வழக்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் மகனின் வழக்கில் தீர்ப்பு நாளைவிட முதல் சில வாரங்கள் முக்கியம். நன்னடத்தை அலுவலர் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வருவார், அல்லது உங்களைக் கூப்பிடுவார். பையனை முதன்முதலில் குழுமத்தின் முன் நிறுத்திய நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் அவர் சமூகப் புலனாய்வு அறிக்கை தர வேண்டும். பெரும்பாலான தாய்மார்கள் அவரைக் கண்டதும் போலீஸ் என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறார்கள், அல்லது "என் பிள்ளை தங்கம், ஒன்றுமே தெரியாது" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கணவருக்கு எப்போது அடிபட்டது, மருத்துவமனைச் சீட்டுகள் எங்கே, யாரிடம் எவ்வளவு கடன், மீன்பிடித் தடைக்காலத்தில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் வீட்டை எப்படி ஓட்டினீர்கள், பள்ளியை எந்த மாதம் விட்டான், ஏன் விட்டான் என்பதையெல்லாம் சொல்லுங்கள். முன்பு ஏதாவது தப்புச் செய்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். மூன்றாவது கேள்வியான 'சூழ்நிலை'க்கு விடை உங்கள் அடுப்படியில்தான் இருக்கிறது. அறிக்கை ரகசியமானது. ஆனாலும் அதன் சாரத்தை உங்களுக்குச் சொல்லலாம், தவறு இருந்தால் நீங்கள் மறுத்துச் சான்று தரலாம் என்று 99ஆம் பிரிவு இடம் கொடுத்திருக்கிறது.

இப்போது உங்கள் தம்பி கேட்டதற்கு வருகிறேன். அதைக் கோபப் பேச்சு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

பதினேழு வயதில் நல்லது கெட்டது தெரியாதா என்கிறார். தெரியும். கஞ்சா தப்பு என்று உங்கள் மகனுக்குத் தெரியும், தெரியாது என்று நான் வாதாட மாட்டேன். தெரிந்தும் செய்தவனுக்குப் பொறுப்பு உண்டு. குழுமத்தின் முன்னாலேயே வழக்கு நடந்தாலும் அவன் சும்மா வந்துவிடப் போவதில்லை. மூன்று ஆண்டு வரை சிறப்பு இல்லத்தில் வைக்கலாம், ஆலோசனை, தொழிற்பயிற்சி, சமூகச் சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு எல்லாம் உண்டு. விவாதம் தண்டனை வேண்டுமா வேண்டாமா என்பதைப் பற்றியதே இல்லை. இருபத்தொரு வயதில் எந்தக் கூட்டத்தோடு அவன் வெளியே வருவான் என்பதுதான் என் கவலை.

இவனை விட்டால் எல்லாப் பையனும் தூக்குவான் என்கிறார். நான் அதைத் திருப்பிப் பார்க்கிறேன். இவனுக்குப் பத்து வருடம் கிடைத்தால் அந்த ஊர்க்காரருக்கு என்ன நட்டம்? அடுத்த தெருவில் இன்னொரு வீட்டில் இன்னொரு அப்பா படுத்திருப்பார், அங்கே போய் நிற்பார். அவருக்கு வலித்தால்தான் மூட்டை நிற்கும். அதற்குச் சிறார் நீதிச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. போதைப்பொருளைச் சுமக்கவோ கடத்தவோ பிள்ளையைப் பயன்படுத்துகிறவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் 78ஆம் பிரிவில் இருக்கின்றன. சட்டவிரோத வேலைக்குப் பிள்ளையைப் பயன்படுத்துகிற எவருக்கும் 83ஆம் பிரிவு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் என்கிறது. போதைப்பொருள் சட்டத்தில் அவர் மேல் வரும் வழக்கு தனி. பிள்ளையை மேஜராக்க வேண்டும் என்று ஒலிக்கும் குரல்களில் பத்தில் ஒன்று இந்த 78ஐக் கேட்டு ஒலித்திருந்தால் நம் கரை இன்று வேறு மாதிரி இருக்கும்.

கொலைக்கும் வன்கொடுமைக்கும் என்ன சொல்வாய் என்று உங்கள் தம்பி கேட்டால், அங்கே எனக்கும் தொண்டை அடைக்கிறது. கொலை வழக்கில் சிக்கிய ஒரு பையனுக்காக நான் ஆஜரானபோது, இறந்துபோன பையனின் அம்மா நீதிமன்ற வராந்தாவில் என்னிடம் வந்தார். "அவனுக்குப் பதினெட்டு ஆக இன்னும் நாலு மாதம் இருக்கிறதாமே. என் பிள்ளைக்கு இனிமேல் பதினெட்டு வரவே வராதே" என்றார். என்னிடம் பதில் இல்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று ஆண்டு என்பது அந்தத் தாய்க்குச் சின்னதாகத்தான் தெரியும். அது நியாயமான வேதனை. அப்படிப்பட்ட வழக்குகளில் சீர்திருத்தும் இடத்திலேயே இன்னும் சில ஆண்டுகள் வைத்திருக்கச் சட்டம் திருத்தப்பட்டால் நான் எதிர்க்க மாட்டேன். பெரியவர்களின் நீதிமன்றத்துக்கும் பெரியவர்களின் சிறைக்கும் அனுப்புவதைத்தான் எதிர்க்கிறேன். டெல்லிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழுவே, அந்தக் கொதிப்புக்கு நடுவிலும், 2013 ஜனவரியில் வயதைக் குறைக்கப் பரிந்துரைக்க மறுத்தது. சிறார்களை வளர்ந்தவர்களின் நீதிமன்றத்துக்கு மாற்றும் வழக்கம் அமெரிக்காவில் நீண்ட காலமாக உண்டு. அது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007இல் வெளியிட்டது. அப்படி மாற்றப்பட்ட பிள்ளைகள், சிறார் அமைப்பிலேயே இருந்தவர்களைவிடப் பின்னாளில் அதிகமாக வன்முறையில் இறங்கினார்கள் என்பதுதான் முடிவு. ஊரின் பாதுகாப்பை மட்டுமே நினைக்கிறவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ஊர்க்காரரின் பெயரைச் சொல்வதற்கு உங்களுக்குப் பயம் இருக்கும். கடிதத்தில் அவர் பெயரை எழுதி, பிறகு அடித்திருக்கிறீர்கள். அந்தப் பயம் புரிகிறது. தெருவிலோ போனிலோ யாரிடமும் சொல்லாதீர்கள், அவர் வீட்டில் போய்ச் சண்டையும் போடாதீர்கள். வக்கீலிடம் சொல்லுங்கள், அவர் வழியாகக் குழுமத்தின் முன் எழுத்தில் கொடுங்கள். பிடித்த அன்று பையனிடம் ஏதாவது தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால் அதையும் வக்கீலிடம் சொல்லுங்கள். போதைப்பொருள் வழக்கில் விசாரணை அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாக எடுக்க முடியாது என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். இராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. குழந்தைக்கும் பெண்ணுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். பொதுவாகக் கஞ்சா வழக்கில் வணிக அளவு என்றால் ஜாமீன் குதிரைக்கொம்பு. பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. வேறு எந்தச் சட்டம் என்ன சொன்னாலும் பிள்ளையை ஜாமீனில் விட வேண்டும் என்றுதான் 12ஆம் பிரிவு தொடங்குகிறது. குற்றம் பெரியது என்பது மட்டும் மறுக்கக் காரணம் ஆகாது. மறுக்க மூன்று காரணங்கள்தான் உண்டு. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அல்லது அவனுக்கே ஆபத்து, அல்லது நீதியின் நோக்கமே கெட்டுவிடும் என்று குழுமம் கருதினால் மறுக்கலாம்.

உங்கள் விஷயத்தில் முதல் காரணத்தைத்தான் எதிர்த்தரப்பு பிடிக்கும். அனுப்பிய ஆள் அதே ஊரில் இருக்கிறார், ஓடிப்போன இருவரும் அங்கேதான் வந்து சேர்வார்கள். பையனை உங்கள் வீட்டுக்கே கூட்டிப் போகிறேன் என்று கேட்டால் குழுமம் தயங்கும், அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது.

முதற்கட்ட மதிப்பீட்டுக்கு மூன்று மாதம் வரை ஆகலாம். அதில் பாதகமான உத்தரவு வந்தால் முப்பது நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யுங்கள், ஒரு நாளும் வீணாக்காதீர்கள். அதிலும் தோற்றால்கூட, வழக்கு அடுத்துப் போகும் குழந்தைகள் நீதிமன்றம் இவனை மேஜராக விசாரிக்கத்தான் வேண்டுமா என்று தானாக இன்னொரு முறை பார்த்தாக வேண்டும். அங்கே தண்டனையே கிடைத்தாலும் 21 வயது வரை பெரியவர்களின் சிறைக்கு அனுப்ப முடியாது, அதற்கென உள்ள பாதுகாப்பு இடத்தில்தான் வைப்பார்கள். 21 ஆகும்போது திருந்தியிருக்கிறானா என்று மறுபடி மதிப்பிடுவார்கள், அப்போதே விடுவிக்கவும் வழி உண்டு. ஆனால் ஒரு பெரிய இழப்பு இருக்கிறது. குழுமத்தில் முடியும் வழக்கின் கறை பிள்ளையின் பிற்கால வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ ஒட்டாது. மேஜராக விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி என்று தீர்ப்பானால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இவ்வளவு போராடச் சொல்வது அதற்காகத்தான்.

ஜாமீனுக்கு மறுபடி வருகிறேன், அதை வேண்டுமென்றேதான் பாதியில் நிறுத்தினேன். அந்த ஆளின் கை எட்டாத ஊரில் பையன் தங்க ஒரு வீடு வேண்டும், அவனைக் காலையும் மாலையும் பார்த்துக்கொள்ளும் ஒரு பெரியவர் வேண்டும், அவனுக்கு உடனே ஒரு வேலையோ படிப்போ வேண்டும். உங்கள் கடிதத்தை நான் நான்கு முறை படித்துவிட்டேன். அதில் அப்படி ஒரே ஒருவர்தான் இருக்கிறார். மானாமதுரையில் கடை வைத்திருக்கிறார், தப்பைத் தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார், சொன்ன பிறகு பேசாமல் இருக்கும் அளவுக்கு வலித்திருக்கிறது. தாய்மாமன் வேறு. குழுமத்தின் முன் நிற்க இதைவிடத் தகுதியான ஆளை நான் தேடிப்பிடிக்க முடியாது.

போனில் கேட்காதீர்கள், நேரில் போங்கள். இந்தக் கடிதத்தை அவரே படிக்கட்டும். தண்டனை வேண்டாம் என்று நான் கேட்கவில்லை என்பதை அவருக்குச் சொல்லுங்கள். பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் மறுபடி சேர்க்கவோ, ஐ.டி.ஐ.யில் இடம் பார்க்கவோ அவரால் முடியுமா, அதுவரை கடையில் தன் கண் முன்னால் வைத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் அடுத்த வாய்தாவுக்கு இருவரும் சேர்ந்து வாருங்கள். அவருடைய ரேஷன் கார்டு, கடையின் உரிமச் சீட்டு, உங்கள் கணவரின் சிகிச்சைச் சீட்டுகள், மகனின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, பள்ளி மாற்றுச் சான்று எல்லாவற்றின் அசலும் கையில் இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பையனைப் பார்க்க அனுமதித்தால் அழாமல் பேசுங்கள், மாமா வந்திருக்கிறார் என்று முதலில் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வக்கீல் அக்கா